கூடு இருக்கும் மரம்

மெயின் மாநிலக் கடற்கரை
ஜூலை 1984

அன்புள்ள தம்பி லோவெலுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. நான் நலம். ஃப்ளோரிடா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நிலத்தை விற்க நீ அனுப்பிய பத்திரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம்.

நிலத்தை வாங்க வரும் பாஸ்டன்காரருக்கு வீட்டிலிருந்து கடல் தெரிய வேண்டுமாம். அப்பாவின் பைன் மரம் மறைக்கிறதாம். மரத்தில் இருக்கும் வெண்தலைக் கழுகின் முட்டை வருஷா வருஷம் உடைந்துதானே போகிறது, வெறும் கூட்டுக்கா இத்தனை வம்பு என்று கேட்டிருக்கிறாய். உடைந்தது உண்மைதான். வயலுக்கு அடித்த பூச்சிமருந்து கடலுக்குப் போய், மீனுக்குள் போய், அந்த மீனைத் தின்ற கழுகின் முட்டை ஓடு மெலிந்துவிட்டது. தாய் அடைகாக்க உட்கார்ந்ததும் நொறுங்கியது. கழுகா கேட்டது அந்த மருந்தை?

விஷமில்லாத இறைச்சி போட்டால் தேறும் என்று பறவை ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதனால்தான் குளிர்காலத்தில் செத்த மாடுகளைக் கரைக்கு இழுத்துப் போகிறேன். இந்தத் தடவை போனது நம் கிழட்டுப் பசு மேபெல். உன் தொப்பியைத் தின்றாளே, அவளேதான். டிராக்டரில் கட்டி இழுத்துப் போகையில், பக்கத்து ஆட்டுப்பண்ணை ஹார்லன் வேலியில் சாய்ந்துகொண்டு, "என்ன வெர்னாக்கா, இன்னைக்கும் பந்தியா? எங்களையெல்லாம் கூப்பிட மாட்டீங்களா?" என்றான். "நீயும் ஒருநாள் சாவேல்ல, அப்பக் கூப்பிடுறேன்" என்றேன்.

லோவெல், இந்த வருஷம் முட்டை உடையவில்லை. குஞ்சு கரிநிறத்தில் மளமளவென்று வளர்ந்து, கூட்டு விளிம்பில் நின்று இறக்கையடிக்கிறது. நேற்று தாய்க்கழுகு கடலிலிருந்து பெரிய மீன் ஒன்றைத் தூக்கி வந்து ஊட்டியது. பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். இனி என் மாடுகள் அவற்றுக்குத் தேவைப்படாது.

அதுவும் நல்லதுதான், மாடுகளை விற்கப் போகிறேன். உன் பங்கை நீ கேட்பது நியாயம். என் மேய்ச்சல் நிலத்தை வாங்கிக்கொள்ள ஹார்லன் தயார். அந்தப் பணம் உனக்கு. விடிந்தால் கறக்க ஒன்றும் இல்லாமல் என்ன செய்வாய் என்று கேட்காதே. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதற்கும் சம்மதமில்லை என்றால் ரம்பத்தோடு வா. மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் என்னைத் தூக்கி அப்புறப்படுத்த வேண்டும். உன் முழங்காலுக்கு அது ஆகாது.

ரம்பம் இல்லாமல் வந்தாலும் வா. இன்னொரு நாற்காலி இருக்கிறது. குஞ்சு பறந்து போவதற்குள் வந்துவிடு, தம்பி. நன்றாக இரு.

பிடிவாதம் குறையாத உன் அக்கா,
வெர்னா