ஒன்று கூட்டி ஓடு

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் கால் எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. அதை உன் அண்ணன் கேட்டுக்கொள்வார். அவர்தான் நேரிலேயே வந்து பார்த்துவிட்டுத் திரும்பினாராமே.

ஆமாம், எனக்குத் தெரிந்துவிட்டது. நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூடப் படிக்கட்டில் விழுந்தது, கணுக்கால் எலும்பு விட்டது, ஒன்றாம் தேதியிலிருந்து மாவுக்கட்டோடு கட்டிலில் கிடப்பது எல்லாம். இந்த மாதம் நீ ஓரடி கூட ஓடவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. போனில் கேட்டால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம். இதில் நான் மட்டும்தான் பேசுவேன்.

நம் விதியை உனக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு மனம் ஆற வேண்டும். போன மாதக் கடைசியில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இரண்டு பேரும் பெயர் கொடுத்தபோது நீதான் அதைச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை நான் ஓடி, தூரத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதித் தபாலில் போட வேண்டும். புதன்கிழமை அது உனக்குக் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூட்டி வியாழக்கிழமை நீ ஓடி, எழுதி அனுப்ப வேண்டும். சனிக்கிழமை எனக்கு வரும். அதற்கு மேல் ஒன்று கூட்டி மறுநாள் நான். இப்படியே ஏறி ஏறிப் பதினைந்துக்கு வந்துவிடலாம் என்றாய். தபால் மட்டும் என் யோசனை, போனில் சொன்னால் போதாதா என்று நீ கேட்டாய். வேண்டாம், வாய்ப்பேச்சில் ஆயிரம் புளுகலாம், கைப்பட எழுதும்போது யாருக்கும் பொய் வராது என்று சொன்னவள் நான்தான். என் புத்தியை என்னவென்று சொல்ல.

நீ முதலில் அனுப்பிய தாளில் ஏழு என்று இருந்தது. அது மட்டும் நிஜம். நான் எட்டு ஓடினேன். குதிகாலில் கொப்புளம் வந்து, திங்கட்கிழமை கடையில் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் துணியுமாக நின்று லென்ஸ் தேய்த்தேன். கண்ணாடி வாங்க வந்த ஒரு பெரியவர் என் காலைப் பார்த்துவிட்டு, இவளிடமா கண்ணைக் கொடுப்பது என்பதுபோல முதலாளியைப் பார்த்தார். சனிக்கிழமை உன் தாள் வந்தது, ஒன்பது. கொப்புளம் ஆறாமலே பத்துக்குக் கிளம்பினேன்.

அந்தப் பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக உனக்கு எழுதினேனே, படித்துவிட்டுச் சிரித்தாயா? பஸ் டிப்போ மதிலை நான்காம் முறை சுற்றும்போது பத்து முடிந்தது. மதிலோரத் திட்டில் உட்கார்ந்து அழுதேன். தினமும் என்னைப் பார்த்து, இன்னிக்கு யாரம்மா துரத்துறாங்க என்று கேட்கும் காவல்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் நாத்தனார்தான் துரத்துகிறாள் என்றேன். நாற்பத்து மூன்று வயதில், படியேறினாலே மூச்சிரைத்த உடம்பை வைத்துக்கொண்டு பத்து கிலோமீட்டர். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பாதி, உனக்குப் பாதி என்று நினைத்தேன். உனக்குப் பங்கே இல்லை என்று இப்போது தெரிகிறது.

அப்புறம் உன் பதினொன்று வந்தது. ஜலதோஷத்தோடு நான் பன்னிரண்டு ஓடினேன். கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. அந்த வாரம்தான் உன் அண்ணன் அச்சகத்துக்குக் காகிதம் பார்க்கப் போகிறேன் என்று இரண்டு நாள் வெளியூர் போனார். காகிதம் கிடைத்ததா என்று கேட்டேன், தரம் சரியில்லை என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அண்ணனும் தங்கையும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

போன சனிக்கிழமை உன் பதின்மூன்று வந்தது. அடியில் நீ எழுதியிருந்த வரி எனக்கு மனப்பாடம். “பதினோராவதில் காலைப் பிடிச்சு இழுத்துது அண்ணி. நின்னா நீங்க சிரிப்பீங்களேன்னு நிக்காம ஓடிட்டேன்.” படித்துவிட்டு அந்தத் தாளை அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

ஞாயிறு பதினான்கு ஓட வேண்டும். ஒன்பதிலேயே வலது முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் வலி குத்த ஆரம்பித்தது. பத்தில் நொண்டினேன். காவல்காரர் கையை ஆட்டி, போதும்மா, உக்காருங்க என்றார். எனக்கு உன் வரிதான் ஞாபகம் வந்தது. வாலு நிற்கவில்லையே, அவளுக்கும் பதினோராவதில்தானே இழுத்தது, நான் மட்டும் நிற்பதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். பதினொன்று முடிந்த இடத்தில் கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். கட்டிலில் படுத்துக்கொண்டு நீ அந்த வரியை எழுதியிருக்கிறாய், நான் அதை நம்பிக் காலைக் கெடுத்துக்கொண்டேன்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், இல்லையா? உன் அண்ணனுக்கு ஒரு பார்சல் ஒழுங்காகக் கட்டத் தெரியாது. அப்பேர்ப்பட்டவர், வீட்டுக்கு வந்த என் காலில் இழுத்துக் கட்டும் துணியைப் பாதத்தில் தொடங்கி, மேலே மேலே, ஒரு சுருக்கம் விழாமல் சுற்றினார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று சும்மாதான் கேட்டேன். “அவ இன்னொரு கால் சுளுக்குக்கு...” என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழித்தார். துணியின் முனையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அதிலேயே பயந்துபோய் எல்லாவற்றையும் அவரே கொட்டிவிட்டார், காகிதம் பார்க்கப் போன இரண்டு நாளும் உன் மற்றக் காலுக்குத் துணி சுற்றியதுவரைக்கும்.

உன் தாள்களை எடுத்துக் கடைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். என் தொழில் அதுதானே. ஒன்பதுக்கு எழுபது நிமிடம், பதினொன்றுக்குத் தொண்ணூறு, பதின்மூன்றுக்கு நூற்றுப் பத்து. நிஜமாக ஓடுகிறவளுக்கு எல்லா வாரமும் நேரம் பூஜ்யத்தில் முடியுமா? என் தாள்களில் பார், அறுபத்தேழு, எண்பத்தொன்று, தொண்ணூற்றெட்டு. கணக்கு டீச்சர் இவ்வளவு மொத்தமாகக் கணக்குப் போட்டிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. உன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் எட்டு எழுதினேன், நீ ஒன்று கூட்டினாய். நான் பத்து எழுதினேன், நீ ஒன்று கூட்டினாய். எனக்கு முன்னால் யாருமே ஓடவில்லை. ஒரு மாதமாக என்னை நானே துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். என் காதில் இப்படிப் பூச்சுற்ற உனக்கு எப்படி மனம் வந்தது? உனக்குப் பதினான்கு வயதில் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். பரீட்சையில் தோற்றதையும், கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசியதையும் என்னிடம்தானே முதலில் சொன்னாய்? எலும்பு முறிந்ததைச் சொல்ல மட்டும் நான் அந்நியமா?

வியாழக்கிழமை

கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தேன். நேற்று டாக்டரிடம் போனோம். போகும் வழியெல்லாம் உன் அண்ணனோடு பேசவில்லை. படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பில் கோடு விழவில்லை, இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடியிருந்தால் விழுந்திருக்கும் என்றார் டாக்டர். மூன்று வாரம் ஓடக்கூடாதாம். அதன்பிறகு ஒரு கிலோமீட்டரில் ஆரம்பிக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை போட்டி இருக்கிறது என்றேன். பார்க்கப் போங்கள் என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மருந்துச் சீட்டுக்குக் காத்திருந்தபோது உன் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். ஞாயிறு அவள் எப்படி ஓடுவதாக இருந்தாள்? சனிக்கிழமை போன் பண்ணி, ரயிலை விட்டுவிட்டேன், நீங்க ஓடுங்க என்று சொல்வதாகத் திட்டமாம். ரயில்வரைக்கும் யோசித்திருக்கிறாய். நான் உனக்காக மெத்தையை வெயிலில் போட்டு, தலையணை உறை மாற்றி வைத்திருக்கிறேன்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார். விழுந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்தே நீ அவருக்குப் போன் செய்தாயாம். “நான் நின்னுட்டேன்னு தெரிஞ்சா அண்ணியும் நின்னுடுவாங்க அண்ணா. அவங்ககிட்ட மட்டும் சொல்லாதே.”

பெஞ்சில் உட்கார்ந்தபடியே நான் பாதியில் விட்டதையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். தையல் வகுப்புக்கு என்னோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி வீடு மாறிப் போனாள், நானும் வகுப்பை விட்டேன். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள நாம் இரண்டு பேரும்தான் போனோம். தேர்வில் நீ தோற்றாய், நான் தேறினேன். நீ போவதை நிறுத்திய பிறகு நான் வண்டியைத் தொட்டேனா? உரிமம் டிராயரில் கிடக்கிறது. நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அண்ணனும் தங்கையும் என்னைப் பற்றி இப்படிப் பேசிக்கொண்டீர்கள், அது சரியாகவும் இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேனா, மாட்டேனா என்று இனி யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதே, கிழித்துப் போட்டுவிடுவேன்.

உன் அண்ணனோடு இன்று காலையில் இரண்டு வார்த்தை பேசினேன், சட்டையில் பொத்தான் இல்லை என்று. அவ்வளவுதான். அவரை மன்னிக்க நாளாகும். ஆனால் வேளாவேளைக்கு எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார். உனக்கு அங்கே யார் கொடுக்கிறார்கள்? மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா? கேட்கமாட்டேன் என்றேன், கேட்டுவிட்டேன். கட்டுக்குள்ளே அரித்தால் எதையாவது விட்டுக் குத்தாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம்.

போட்டிக்கான சட்டைகள் வந்துவிட்டன. உன் எண் இருநூற்றேழு, என்னுடையது இருநூற்றாறு. உன்னுடையதைத் தபாலில் அனுப்பமாட்டேன். நடந்து வந்து வாங்கிக்கொள்.

இத்தோடு ஒரு வெற்றுத் தாள் வைத்திருக்கிறேன், நாம் வழக்கமாக எழுதும் தாள்தான். மூன்று வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை அதை எடு. தூரம் என்ற இடத்தில் பூஜ்யம் என்று உன் கைப்பட எழுது. நேரத்துக்கு ஒரு கோடு போடு. வேறு எந்தக் கதையும் வேண்டாம். சனிக்கிழமை அது எனக்கு வந்து சேரும். விதிப்படி மறுநாள் நான் ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும். டாக்டரும் அவ்வளவுதான் ஓடச் சொல்லியிருக்கிறார்.

நீ எழுதாமல் போனாலும் அன்று நான் ஓடுவேன். ஆனாலும் எழுது, வாலு.

சீக்கிரம் எழுந்து நட.

கோபம் இன்னும் தீராத
உன் அண்ணி