பெருங்காய டப்பாவில் அரை மாத்திரைகள்

இன்று காலை குளிக்கும்போது சோப்பு இரண்டாகப் பிரிந்தது. வெள்ளைச் சோப்பின் முதுகில் நீ ஒட்டிவைத்திருந்த பச்சைத் துண்டு, கட்டைவிரல் நகத்தளவு தேய்ந்து, உள்ளங்கையில் தனியாகக் கிடந்தது. நீ ஒட்டி அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனவற்றில் இதுதான் கடைசி. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் நான் சோப்பை வைத்தே நாள் பார்த்துவந்திருக்கிறேன் என்பது அது பிரிந்தபோதுதான் தெரிந்தது.

தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் மேல் ஒட்டுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் ஒட்டினால் மூன்றாம் நாள் விழுந்துவிடும். நீ ஒட்டினால் இரண்டும் சேர்ந்தே கரையும். சந்தவாசலில் உன் அப்பாவின் மளிகைக் கடையில் வளர்ந்த கை அது. நூல்கண்டில் ஒரு முழம் மிச்சம் பிடிக்கவும், பழைய பேப்பரில் பசை இல்லாமல் பொட்டலம் மடிக்கவும் அங்கே பழகியிருந்தாய். கல்யாணமாகி மலை ஏறி நெல்லிவாசல்நாட்டுக்கு வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு ஒரு பாக்குவெட்டியும் கொண்டுவந்தாய். நம் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் யாருமில்லை. “கடையில பழசாயிடிச்சி. தூக்கிப் போட மனசு வரல” என்றாய்.

நான் பகுதி நேர நிருபர். மலையில் நடப்பதைக் கீழே இருக்கும் பேப்பருக்கு எழுதி அனுப்புகிறவன். அச்சாகிற வரிகளுக்குத்தான் கூலி. ரோடு சரிந்தால், கரடி ஊருக்குள் வந்தால் நமக்கு நல்ல மாதம். ஒன்றும் நடக்காத மாதங்களில் அரிசி டிரம்மைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பாய்: “ஏங்க, இந்த மாசம் கரடிக்குக்கூட கால் வலியா?”

அப்படிப்பட்ட மாதங்களை நீதான் நகர்த்தினாய். சாமைச் சோறு ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பானையைப் பழைய கம்பளியில் சுற்றி மூலையில் வைப்பாய். அரை மணி நேரத்தில் அது தானாக வெந்திருக்கும். கேஸ் சிலிண்டர் மலைக்கு எப்போதாவதுதான் வரும் என்பதால் நீ கண்ட வழி அது. எண்ணெய் பாக்கெட்டை வெட்டி விரித்து, அதன் உள்பக்கத்திலேயே சப்பாத்தி மாவைப் பிசைவாய். புளி கரைத்த சக்கையை இன்னொரு முறை கரைத்து ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, மூன்றாவது முறை அதையே பித்தளைச் செம்பில் தேய்ப்பாய். மகள் வேலூரில் கல்லூரி சேர்ந்த வருடம் என் பைக்கை விற்றோம். அன்று நீ சொன்னது: “பெட்ரோலும் மிச்சம், நீங்க எங்க வுழுந்து கெடக்கறீங்களோன்னு பயமும் மிச்சம்.”

பேப்பரில் வாரத்துக்கு ஒருநாள் வீட்டுச் சிக்கனம் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போடலாம் என்று ஆசிரியர் கேட்டபோது, எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அடுப்படிக்கு வந்து நோட்டை விரித்தால் போதும். உன் பெயரிலேயே போடச் சொல்கிறேன் என்றேன். “வேணாங்க. எங்கம்மா வூட்டுல படிச்சிட்டு, இவ புருஷன் சோறு போடறதில்லையான்னு கேப்பாங்கோ.” அதனால் என் பெயரில் வந்தது. வாசகர்கள் கடிதம் போட்டார்கள். அடுப்புப் பக்கமே போகாத என்னைப் பாராட்டினார்கள். நீ அவற்றைப் படித்துச் சிரித்துவிட்டு, உறைகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து ஒட்டி, மறுபடி உறையாக்கினாய்.

அச்சில் போவதற்கு முன்பே உன் குறிப்புகள் ஊருக்குள் போய்விடும். குழாயடியில், நூறு நாள் வேலைக் களத்தில், ஜீப்புக்குக் காத்திருக்கும் புளியமரத்தடியில் நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். பெண்கள் அடிக்கடி வீட்டுக்கு வந்து பாக்குவெட்டியைக் கேட்டு வாங்கிப் போவார்கள். வெற்றிலைக்குப் பாக்கு நறுக்க என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்கு பிரஷர் இருப்பதைக் கண்டுபிடித்தது மருத்துவ முகாமில். தினமும் காலையில் ஒரு மாத்திரை. அரசு ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். மாத்திரை இலவசம். அங்கே போய்வர ஜீப்புக்குத்தான் காசு. வரிசையில் நின்று திரும்புவதற்குள் அன்றைய கூலியும் போய்விடும். ஒருமுறை உன் அட்டையோடு நான் போனேன். பிரஷர் பார்க்காமல் மாத்திரை தரமுடியாது, ஆளை வரச் சொல்லுங்கள் என்றார் நர்ஸ். அவர் சொன்னது நியாயம். செய்திக்காக நான் தினம் ஜீப்பில் ஏறியாக வேண்டும். அந்த வீட்டில் இரண்டு ஜீப் கட்டணங்கள் இருந்தன. வெட்டக்கூடியது உன்னுடையதுதான் என்று நீ முடிவு செய்திருக்கிறாய்.

அதை நீ என்னிடம் மறைக்கவில்லை. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிவந்தேன்.

போன வருடம் புளி உலுக்கி முடித்த வாரம். வாசலில் உட்கார்ந்து புளியை உடைத்துக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாய். மத்தியானத்துக்குள் பெட்டிச் செய்தியை அனுப்ப வேண்டும். நோட்டோடு உன் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த வாரத்துக்கு இன்னா?” என்றேன்.

“மாத்திரைய பாதி பாதியா ஒடச்சிப் போட்டா, ஒரு மாசத்து மாத்திரை ரெண்டு மாசம் வரும். ஜீப்பு காசு மிச்சம். எழுதிக்கோங்க” என்றாய், தலை நிமிராமல்.

எழுதினேன். எழுதிவிட்டுச் சிரித்தேன். “இத்த அனுப்புனா ஆசிரியர் என்னைப் பாதியா ஒடச்சிடுவார்.”

நீயும் சிரித்தாய். “அப்போ புளியங்கொட்டைய எழுதுங்க. வறுத்து ஊற வெச்சா பசங்க தின்றதுக்கு ஆச்சி, கடைக்குப் போவ வேணாம்.”

அந்த வாரம் புளியங்கொட்டை அச்சானது.

நான் நோட்டுகளைத் தூக்கிப் போடுகிறவன் அல்ல. அந்தப் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது. “மாத்திரை. பாதி. 2 மாசம். ஜீப் காசு மிச்சம்.” அதன் மேல் ஒரே ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருக்கிறது. கை கொஞ்சமும் தயங்கவில்லை. புதிதாக வரும் நிருபர்களிடம், ஒருவர் சொல்வதை எழுதிக்கொண்டால் மட்டும் போதாது, அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். யார் மாத்திரை? எத்தனை நாளாக? இரண்டே கேள்விகள். நீ கையெட்டும் தூரத்தில் இருந்தாய்.

அடுத்த புளி உலுக்குக்கு முன்பே, ஒரு காலை, குழாயடியில் குடத்தோடு சாய்ந்தாய். வலது கை எழவில்லை, பேச்சு குழறியது. முழு ஜீப்பையும் வாடகைக்குப் பிடித்து உன்னைக் கீழே கொண்டுபோனேன். ஒவ்வொரு வளைவிலும் உன் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், மூளைக்குள் ரத்தக்கசிவு என்றார். பிறகு கேட்டார்: “மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?”

“ஒருநாள்கூட விட்டதில்லைங்க” என்றேன்.

பொய் சொல்லவில்லை. ஒருநாள்கூட நீ விடவில்லை. மூன்றாம் நாள் நீ இல்லை.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து, ரசத்துக்குப் பெருங்காயம் தேடினேன். மேல் தட்டில் இருந்த மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். பெருங்காய வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே பெருங்காயம் இல்லை. வெள்ளை மாத்திரைகளின் பாதிகள். எல்லாம் ஒரே அளவு, விளிம்பு நொறுங்காமல் நடுவில் வெட்டியவை. அவ்வளவு சுத்தமாக வெட்ட அந்த வீட்டில் ஒரு கருவிதான் உண்டு. அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். உலையில் தண்ணீர் வற்றி, பாத்திரம் தீய்ந்த பிறகுதான் எழுந்தேன். உன் அடுப்பில் அத்தனை கேஸ் வீணானது அன்றுதான்.

பாதி மாத்திரைதான் காரணம் என்று எந்த டாக்டரும் எனக்கு எழுதித் தரவில்லை. அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நான் யாரிடமும் சொல்லவில்லை. திடீரென்று வந்துவிட்டது என்றேன். ஊரும் விதி என்று சொல்லிக் கலைந்தது. மகளிடமும் சொல்லவில்லை. தன் விடுதிக் கட்டணத்துக்காகத்தான் அம்மா இப்படிச் செய்தாள் என்று நினைத்துவிடுவாள் என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அந்த நோட்டை அவள் பார்த்துவிடுவாளோ என்பதுதான் பயம். அந்த வாரக் கடைசியில் கீழ்வீட்டுக்காரி வந்து, “அக்கா நெனப்பா இருக்கட்டும், அந்தப் பாக்குவெட்டிய குடுங்க சார்” என்று கேட்டாள். அதை அந்த வீட்டில் வைத்திருக்கவே முடியாதிருந்த எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது. உடனே எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது எனக்கும் பிரஷர். மாதாமாதம் போகிறேன். இன்று காலை, பச்சைத் துண்டை ஜன்னலில் வைத்துவிட்டு, ஜீப்புக்குப் போனேன்.

“இன்னா சார், நியூசு இன்னா இன்னிக்கு?” என்றான் டிரைவர்.

“உன் ஜீப்புல பதினாலு பேரு. அதான் நியூசு.”

“பதினாலாவதா ஏறுனது நீங்கதான்னும் சேத்து எழுதுங்க சார்.”

எதிரில் கீழ்வீட்டுக்காரி ஆஸ்பத்திரி அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். போன மாதம் அவளைப் பார்க்கவில்லையே என்றேன்.

“மாத்திரை இருந்துச்சி சார். இருக்கறப்போ இன்னாத்துக்குப் போவணும்?”

“ஒரு மாசத்துக்குத்தானே குடுக்கறாங்க. எப்படி இருந்துச்சி?” அடுத்த கேள்வியை இந்த முறை கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். “உங்களுக்குத் தெரியாததா? எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்ததுதான். பாதி பாதியா.”

“நானும் அப்டிதான்” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “மொதல்ல பல்லால கடிச்சினு இருந்தேன், தூளாப் போய்டும். அக்கா பாக்குவெட்டிதான் சுத்தமா வெட்டும். அத்த இவ இப்போ வூட்டுலயே வெச்சிகினா. கேட்டா, நெனப்புக்காம்.”

“சாரே குடுத்தாரு. உனக்கு இன்னாடி வயித்தெரிச்சல்?”

ஜீப் முழுக்கச் சிரித்தது. நான் அச்சுக்கு அனுப்பாமல் அடித்த ஒரே வரி, என்னைக் கேட்காமல் ஊர் முழுவதும் போயிருக்கிறது. அதற்கான கருவியையும் என் கையாலேயே கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஏழு மாதம் நான் காத்த மௌனத்தில் இவர்கள் மாத்திரைகளை இரண்டு இரண்டாக வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“அவ அதுலதாம்மா செத்துப் போனா” என்றேன்.

உறுதியாகாத ஒன்றை உறுதியானதாக நான் சொன்னது என் தொழில் வாழ்க்கையில் இதுவே முதல்முறை. சிரிப்பு நின்றது. டப்பாவைப் பற்றிச் சொன்னேன். நோட்டைப் பற்றியும் சொன்னேன். டிரைவர் பாட்டை அணைத்தான். இனி இது ஜீப்பைவிட வேகமாக ஊருக்குப் போகும். அதற்கு முன் மகளுக்கு நானே சொல்ல வேண்டும்.

ஜீப் இரண்டு வளைவு தாண்டியது. பிறகு கீழ்வீட்டுக்காரி, கோபம் இல்லாமல், உன்னிடம் கேட்பதுபோலவே என்னிடம் கேட்டாள்.

“அப்போ முழுசா போட்டா மாசா மாசம் வரணும். ஜீப்பு காசு வேற ஏறிப்போச்சி. அன்னிக்குக் கூலியும் போய்டும். அதுக்கு இன்னா சார் பண்றது? அக்கா இருந்தா அதுக்கும் ஒரு வழி சொல்லியிருக்கும்.”

ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். சட்டைப் பையில் என் மாத்திரைகள் முழுசாக இருந்தன. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னோடேயே இருக்கிறது. இனியும் இருக்கும். உனக்கு ஒரு வழி தெரிந்திருக்கும் என்று அவள் இன்னும் நம்புகிறாள். நான் நம்பவில்லை. தெரிந்திருந்தால் நீ பாக்குவெட்டியைக் கையில் எடுத்திருக்க மாட்டாய்.