ரயிலில் நீங்கள் கண்ட அரபுப் பெண்

அன்புள்ள சுசீலா மச்சாளுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பதைச் சனிக்கிழமை என் கண்ணாலேயே கண்டேன். முழங்கால் வலி மட்டும் கூடியிருக்கிறது போல. ரயிலில் ஏறும்போது கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டீர்கள். அண்ணையும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

கடிதத்தின் தலையில் ஊர்ப் பெயர் இல்லையே என்று கோபிக்கவேண்டாம். உங்கள் வீட்டுக்கு அனுப்பவும் பயமாக இருக்கிறது. உங்கள் தம்பி வரும்போதெல்லாம் வாசல் தபால்பெட்டியைத் திறந்து, இருப்பதை எடுத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். அதனால்தான் நீங்கள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கு, உங்கள் பெயரைப் போட்டு அனுப்புகிறேன். வேறு ஊருக்குப் போகிற ஒருவர் தபாலில் சேர்ப்பார். போனில் கதைத்திருக்கலாம்தான். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதிலும் சொல்லிவிடுவேன். உடுப்பு மாற்றும் அறையில் இருந்து வாசித்துவிட்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஓம் மச்சாள், அது நான்தான்.

நீங்களும் கிளோறியா அக்காவும் ஏறியதைக் கண்டதும் முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டேன். எழும்பி அடுத்த பெட்டிக்குப் போகலாம் என்றால் நடைபாதை முழுக்கச் சைக்கிளும் பிள்ளை வண்டிகளும். எழும்பினால்தான் பார்ப்பீர்கள், இருந்தால் பார்க்கமாட்டீர்கள் என்று நினைத்து யன்னல் பக்கம் திரும்பி இருந்துவிட்டேன். நீங்கள் இருவரும் சரியாக எனக்கு முன்னால் வந்து இருந்தீர்கள். தமிழ்ப் பாடசாலைப் போட்டிக்குக் கொண்டுபோகிற புத்தகப் பையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தீர்கள்.

கிளோறியா அக்கா என்னைப் பற்றித்தான் கதைத்தார். "உங்கட தம்பி ரூபன் நல்லா மெலிஞ்சு போனார் அக்கா. அந்த நிறோஷினி ஆரோ டெனிஷ்காரனோட போயிட்டாளாம், பிள்ளையையும் இழுத்துக்கொண்டு" என்றார். பிறகு அவர் என்னைப் பார்த்துவிட்டு, தமிழ் விளங்காதவளுக்கு முன்னால் கதைக்கிற தைரியத்தில், "இந்த வெய்யிலுக்கையும் போர்த்துக்கொண்டு திரியுதுகள்" என்றார். அதற்கு நீங்கள், "சும்மா இரு கிளோறியா, அதுகளும் மனிசர்தானே" என்றீர்கள். மச்சாள், அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதத் துணிவு தந்தது.

அதன் பிறகுதான் ரயில் ஒருமுறை குலுங்கிப் பை சரிந்தது. புத்தகங்கள் நிலமெல்லாம் சிதறின. கிளோறியா அக்கா குனிந்து இருக்கைக்கு அடியில் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு புத்தகம் வழுக்கி வந்து என் சப்பாத்தில் பட்டது. நான் குனிந்தேன், அதைத் தொட்டேன், தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எதையும் யோசித்துச் செய்யவில்லை. சின்ன வயதில் கால் பட்டால் தலையில் குட்டிக் குட்டிப் பழக்கிய பழக்கம், அது இந்த முக்காட்டையும் அங்கியையும் கேட்டுக்கொண்டா வரும்? நிமிர்ந்தபோது நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதுவரை என் துணியைத்தான் பார்த்தீர்கள், அப்போதுதான் முகத்தைப் பார்த்தீர்கள்.

புத்தகத்தை நீட்டினேன். நீங்கள் வாங்கிக்கொண்டு "தக்" என்று டெனிஷில் நன்றி சொன்னீர்கள். தமிழில் ஒரு சொல் இல்லை. என் பெயரும் இல்லை. இறங்கும் வரை மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தக்குக்கு என்ன அர்த்தம் என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை வெடிக்கிறது. என்னைக் காப்பாற்றச் சொன்னீர்களா, அல்லது இனி நீ எனக்கு ஆருமில்லை என்று சொன்னீர்களா? நான் எந்த நிலையத்தில் ஏறினேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பாதையில் போகிற ரயில் என்று தெரியும். உங்கள் தம்பிக்கு அது காணும். ஒவ்வொரு நிலையமாக வந்து நிற்பார்.

இந்த உடுப்பு எப்படி வந்தது என்று நீங்கள் யோசிப்பீர்கள். மதம் மாறிவிட்டேன் என்றோ, ஓர் அரபுக்காரனோடு இருக்கிறேன் என்றோ கூட நினைப்பீர்கள். இரண்டும் இல்லை. நானும் பிள்ளை சாரங்காவும் இருப்பது, வீட்டில் அடி தாங்கமுடியாத பெண்களைப் பிள்ளைகளோடு ஒளித்துவைத்துக் காக்கிற இடத்தில். கிரீசசென்டர் என்பார்கள். பக்கத்து அறையில் ஹனான் என்று ஒரு சிரியாப் பெண். அவளுக்கும் ஒரு கதை இருக்கிறது, அது அவளுடையது. நாங்கள் இரண்டு பேரும் அரைகுறை டெனிஷில்தான் கதைப்போம்.

வந்த புதிதில் நான் வெளியே போகவே இல்லை. இந்த நாட்டில் இக்காஸ்ட், ஹேர்னிங் என்று தமிழர் நிறைந்த ஊர்களெல்லாம் கூப்பிடு தூரம், எந்தக் கடையில் எந்தத் தமிழர் நிற்பார் என்று சொல்லமுடியாது. ஒருநாள் மா வாங்கப் போன இடத்தில் ஸ்கீவ ஊரைச் சேர்ந்த, எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முதுகைக் கண்டேன். அவர்தானா என்றுகூடப் பார்க்கவில்லை. சாமான் வண்டிலை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, குளியலறையைப் பூட்டிக்கொண்டு இருந்தேன். அடுத்த நாள் ஹனான் கையில் ஓர் அங்கியோடு வந்தாள். அபாயா என்று சொல்வார்களே, அது. உன்னுடைய ஆட்கள் எங்களுடைய முகத்தைப் பார்க்கமாட்டார்கள், எனக்குத் தெரியும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சரியாகத்தான் சொன்னாள்.

முதலில் கறுப்பைத்தான் தந்தாள். வெள்ளிக்கிழமையில் கறுப்பு உடுத்தாதே என்று நீங்கள் எத்தனை தரம் ஏசியிருப்பீர்கள்! எனக்குக் கை கூசியது. அவள் சிரித்துவிட்டு ஒலிவ் நிறத்தில் இன்னொன்று எடுத்து வந்தாள். உள்ளே ஒரு சின்னத் தொப்பி, அதன்மேல் துணி, நாடிக்குக் கீழே ஊசி. பொட்டு வைத்த இடம் வெளுத்துக் கிடந்தது, அதற்கு முகப் பவுடர் பூசிவிட்டாள். முகத்தையும் மூடிவிட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்டேன். இந்த நாட்டில் முகத்தை மூடினால் பொலிஸ் தண்டம் எழுதும், முகம் வெளியேதான் இருக்கவேண்டும் என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். என் அம்மாவே கண்டாலும் விலகிப் போயிருப்பா.

அதோடு நடமாடுவது லேசான காரியம் இல்லை மச்சாள். காற்றடித்தால் ஒரு கை தலைக்கு, ஒரு கை அங்கிக்கு. யாராவது பக்கவாட்டில் கதைத்தால் காது கேட்காது. சைக்கிளில் போய் அங்கியின் கரை செயினில் சிக்கிவிட்டது. வயதான டெனிஷ்காரர் ஒருவர் நின்று, முழங்காலில் இருந்து, கையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு அதை எடுத்துவிட்டார். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதே கிழமை பஸ்ஸில் ஒருவன், உன் நாட்டுக்குப் போ என்று காதுக்குக் கிட்ட வந்து சொன்னான். எந்த நாட்டைச் சொல்கிறான் என்று எனக்கே விளங்கவில்லை. முன்பின் தெரியாத அரபுப் பெண்கள் கடையில் ஸலாம் சொல்லிச் சிரிப்பார்கள், மகளின் கையில் பேரீச்சம்பழம் வைப்பார்கள். எனக்குக் களவெடுத்தவள் போல இருக்கும். ஹனானிடம் இதைச் சொல்லி அழுதேன். தேவைப்படும் வரை போடு, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வெட்கப்பட்டுத் திரியாதே என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். அவளுக்கு அது தாய் உடுத்த உடுப்பு. எனக்கு அது கதவு.

இனி உங்கள் தம்பியைப் பற்றி எழுதவேண்டும். அவரைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். தாயும் தகப்பனும் போனபின் இங்கே கூப்பிட்டு எடுத்து, என்னையும் தேடிக் கட்டிவைத்தவர் நீங்கள். அதனால் ஒவ்வொரு சொல்லும் உங்களுக்கு நோகும். ஆனாலும் எழுதாமல் விட முடியாது. சாரங்காவின் பிறந்தநாளுக்கு வந்தபோது என் மணிக்கட்டைப் பார்த்து என்ன இது என்று கேட்டீர்கள். கேக் போடுகிற அடுப்பின் சூடான கதவு பட்டது என்றேன். நீங்கள் மறுபேச்சில்லாமல் எண்ணெய் கொண்டுவந்து, மெல்ல மெல்லப் பூசினீர்கள். அந்த அடையாளம் விரல் அடையாளம் என்று எண்ணெய் பூசிய கைக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

கடைசி மாரியில் ஒருநாள், இறைச்சி வெட்டுகிற கத்தியைச் சாப்பாட்டு மேசையில் தன் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களைச் சாப்பிடச் சொன்னார். கத்தவில்லை, அடிக்கவும் இல்லை. போகிறது என்றால் இரண்டு பேரும் ஒன்றாய்த்தான் போவியள், அதுவும் மேலே போவியள் என்று, கறிக்கு உப்புக் குறைவு என்று சொல்கிற குரலில் சொன்னார். பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கோப்பையில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். அவள் அப்படிச் சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் நான் வெளிக்கிட்டேன். என் மேல் விழுந்த அடிக்காக நான் வெளிக்கிட்டிருக்கமாட்டேன் மச்சாள், அது வெட்கம்கெட்ட உண்மை. டெனிஷ்காரன் ஒருவனும் இல்லை. கிளோறியா அக்காவுக்கு நீங்கள் இதைச் சொல்லவேண்டாம், நீங்கள் மட்டும் அறிந்தால் போதும்.

கிட்ட வரக்கூடாது என்று பொலிஸ் அவருக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறது. ஆனால் பொலிஸ் எங்கள் வாசலில் குந்திக்கொண்டு இருக்காது.

சாரங்காவைப் பற்றிக் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், ஆனால் நினைக்காத நாள் இருக்காது என்பதும் தெரியும். முன்பல் இரண்டும் விழுந்து புதுப்பல் எட்டிப் பார்க்கிறது. உயர்ந்துவிட்டாள். தலைமயிரைக் கழுத்தோடு வெட்டிவிட்டேன், ஏசாதீர்கள். நீச்சலில் தண்ணீருக்குள் தலையைத் தாழ்த்தப் பழகிவிட்டாள். வகுப்பில் மாயா என்று ஒரு சினேகிதி, இரண்டு பேரும் ஒரு சப்பாத்தை மாறி மாறிப் போடுகிறார்கள். ஆனால் தமிழ் கதைக்கமாட்டாள். இங்கே பிறந்த பிள்ளைகள் டெனிஷில் பதில் சொல்வது புதினமில்லை, உங்கள் வீட்டிலும் அதுதானே. இது வேறு. தமிழில் கூப்பிட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள். அவளுக்கு அது தகப்பன் கதைக்கிற பாஷை. அதனால் நானும் என் பிள்ளையோடு டெனிஷில்தான் கதைக்கிறேன், பிழை பிழையாக. அவள் திருத்துகிறாள். சிரிக்கவும் தொடங்கிவிட்டாள்.

சனிக்கிழமை நடந்ததை நான் இங்கே உள்ளவர்களிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டியது சட்டம். சொன்னால் அன்று பின்னேரமே சாமானைக் கட்டச் சொல்லி நாட்டின் மற்ற அந்தத்துக்கு அனுப்புவார்கள். ஏற்கெனவே இரண்டு தரம் மாற்றிவிட்டார்கள். இன்னொரு பள்ளிக்கூடம், இன்னொரு கட்டில், மாயா இல்லை. அவளிடம் எந்த முகத்தோடு அதைச் சொல்வேன்? சொல்லாமல் விட்டாலோ வாசலில் கார் நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் உயிர் போய்ப் போய் வருகிறது. உடுத்த உடுப்போடு படுக்கிறேன். பிள்ளையின் சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். நான் பிழை செய்கிறேனோ என்று விடியும் வரை யோசிக்கிறேன். உங்களை நம்பினேன் என்பதற்காக என் பிள்ளைக்கு ஒன்று நடந்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை அவர் உங்களிடம் சாப்பிட வருவார். வழமைபோல நீங்கள் சோறு போடுவீர்கள். வழமைபோல அவர், "ஏதும் கேள்விப்பட்டியளே அக்கா?" என்று கேட்பார். அழவும் செய்வார். அழுதால் உங்கள் மனம் இளகிவிடும், எனக்கு அது தெரியும், என் மனமும் எத்தனையோ தரம் இளகியிருக்கிறது. அவரிடம் பொய் சொல்ல உங்களுக்கு வராது. நான் பொய் சொல்லக் கேட்கவில்லை. நீங்கள் ரயிலில் கண்டது ஓர் அரபுப் பெண்ணை. அதற்குமேல் ஒன்றும் காணவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டு சும்மா இருங்கள், அது காணும்.

இதற்குப் பதில் போட விலாசம் இல்லை. யாரும் வராமல் விட்டால், அதையே உங்கள் பதில் என்று எடுத்துக்கொள்வேன். அவரையும் கைவிடாதீர்கள், அவருக்கும் உங்களைத் தவிர ஆருமில்லை. ஒரு டொக்டரிடமாவது கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நீங்கள் நூறு வயது வரைக்கும் பேரப்பிள்ளைகளோடு நல்லாக இருக்கவேண்டும் மச்சாள். நாங்கள் இரண்டு பேரும் இன்னும் கொஞ்சக் காலமாவது உயிரோடு இருக்கவேண்டும்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்,
சாரங்காவின் அம்மா