பதினேழாம் நம்பர் ஈறு

மார்ச் 4

என் தங்கமே,

சாமி புண்ணியத்துல நாங்க சௌக்கியம். உங்கப்பன், அதான் என் தம்பி, முட்டி வலிக்குதுன்னு முனகிக்கிட்டே மாடிப்படி ஏறி எறங்குறான். மாசம் ஒரு லெட்டர் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?

ஈறு நோய்க்காரங்க கெடைக்கலைன்னா உன் ஆராய்ச்சியையே நிறுத்திடுவாங்கன்னு எழுதியிருந்தியே, எனக்குச் சோறு எறங்கல. எனக்குத்தான் ஈறுல ரத்தம் வருதே! நல்லா முத்தட்டும்னு பத்து நாளா பல்லு தேய்க்கல. வாயைக் கொப்புளிச்சிட்டு சாமி கும்பிடுறேன், அவர் தப்பா நெனைக்க மாட்டார். முன்பல்லு ஒண்ணு ஆடவே ஆரம்பிச்சிருச்சு. கவலைப்படாம இரு.

உன் அத்தை

மார்ச் 12

அத்தை, என் அத்தை,

லெட்டரைப் படிச்சதும் ஆய்வுக்கூடத்துல கத்தியே விட்டேன். மொதல்ல பல்லைத் தேய்ங்க!

கிருமியோட சண்டை போட வந்த காவல் அணுக்கள் உங்க ஈறுலயே வெடிச்சுச் சாகுது. அதைப் பாத்து டி-செல்லுன்னு இன்னொரு படை ஓடி வருது. அதுக்குக் கோபம் வந்தா நிறுத்தத் தெரியாது, பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பையே கரைய வச்சிடும்.

எனக்கு நோய் வந்த ஈறு மட்டும் போதாது. வைத்தியம் பாத்து ஆறினப்புறம் அதே ஆளோட ஈறும் வேணும். வலி போனதும் யாரும் திரும்பி வர்றதில்ல, அதான் தட்டுப்பாடு. உங்க ஊர்ல எங்களுக்கு ஈறுத் துளி எடுத்து அனுப்பி வைக்கிற பல் டாக்டர்கிட்ட நாளைக்கே போங்க. உங்க பல்லு எனக்கு வேணும், உங்க வாயிலதான்.

உங்க மருமக

ஜூன் 20

கண்ணு,

திட்டினாலும் உன் கையெழுத்து அழகுடி. ரெண்டு தடவையும் போயிட்டேன். மொத தடவை சுத்தம் பண்றப்ப உசுரு போய்ட்டு வந்துச்சு. துளி ஈறை எடுத்து டப்பால போட்டு, பேரு எழுதாம பதினேழுன்னு ஒட்டினார். நான் என்ன பஸ்ஸான்னு கேட்டா, "வாயை மூடாதீங்கம்மா"ங்கிறார். என்கிட்ட அப்படிச் சொன்ன மொத மனுஷன் அவர்தான்.

நேத்து ரெண்டாவது துளி எடுத்தார். ரத்தமும் இல்ல, பல்லும் ஆடல. உன் கோபக்காரப் படைக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன், செத்துப்போன காவல்காரங்களுக்கும். பாவம், கடமைக்குத்தானே செத்தாங்க. ஆறின ஈறு உனக்கு உதவுமான்னுதான் பயமா இருக்கு.

உன் அத்தை

ஜூலை 15

அத்தை,

நம்பரை யார்கிட்டயும் சொல்லக் கூடாது, எது யாரோட ஈறுன்னு எனக்கே தெரியக் கூடாது! போகட்டும், பதினேழோட ரெண்டு துளியையும் மைக்ராஸ்கோப்ல பாத்தேன். மொதத் துளில செத்த அணுக்கள் குவியலாக் கெடக்கு, டி-செல்லு நெரிசல் வேற. ரெண்டாவதுல குவியலும் இல்ல, கூட்டமும் கலைஞ்சிருச்சு. ரெண்டும் கொடுத்த மொத ஆள் நீங்கதான்! இன்னும் எட்டுப் பேர் இப்படி வந்தா ஆராய்ச்சியை நிறுத்த மாட்டேன்னு எங்க தலைவர் சொல்லிட்டார்.

உங்க மருமக

ஜூலை 28

என் ராசாத்தி,

நம்பரை மட்டும் விட்டுட்டு உன் லெட்டரைப் பிரார்த்தனைக் கூட்டத்துல வாசிச்சேன். ஈறுல ரத்தம் வர்றவங்க கை தூக்குங்கன்னேன், பதினொரு கை. ஆறினப்புறம் திரும்பி வராதவ என் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னு அங்கேயே சத்தியம் வாங்கிட்டேன்.

இன்னிக்குக் காலைல எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கதவைத் திறந்து, "யாரும்மா மொதல்ல?"ன்னார்.

பதினொரு பேரும் ஒண்ணா வாயைத் திறந்தாங்க.

உன் அத்தை