காற்றுக்கு எதிரே ஓடியவனைப் பற்றி அப்பாவுக்கு

என் ஆசை அப்பாவுக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. நீங்கள் இல்லாத முதல் சீசன் இது. குற்றாலம் ரோட்டில் வேனும் குடையுமாக ஒரே நெரிசல். ஆனால் ஐந்தருவியில் தண்ணீர் எப்படி என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. "நம்ம டீம்ல யார எடுத்தாவ?" என்றுதான் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

போன வருஷம் கால்பந்துப் போட்டியில் நம் அணி கடைசி இடம். அதனால் இந்த முறை ஆள் எடுக்கும் நாளில் முதல் பெயரைக் கூப்பிடும் உரிமை நமக்கு வந்தது. உங்கள் கூட்டாளி முருகையா மாமாவின் தங்கை மகன் செந்திலைத்தான் நம் ஆட்கள் எதிர்பார்த்தார்கள். அவன் பின்னால் நின்றால் கதவைச் சாத்தியது மாதிரி இருக்கும். அணியை நடத்தும் லாட்ஜ்காரர் துரைப்பாண்டி அண்ணாச்சி எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ரியாஸ்" என்றார். கடையநல்லூர்ப் பையன், முன்னால் ஓரத்தில் ஓடுகிறவன், ஒல்லி. அடுத்த சுற்றிலும் அண்ணாச்சி செந்திலைச் சொல்லவில்லை. மற்ற அணிகளும் சொல்லவில்லை. அவனை எடுத்தால் கூடவே முருகையா மாமாவும் வருவார் என்று பயந்துவிட்டார்கள் எனப் பேச்சு.

உங்கள் போன் என்னிடம்தான் இருக்கிறது. எண்ணை நிறுத்த அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் ரசிகர்கள் குரூப்பில் நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள். முகப்புப் படத்தில் எலுமிச்சை லாரியின் முன்னால் நின்று முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே குரூப் கொதித்துவிட்டது.

"ஓடுதான், சரி. பந்து எங்கன?"

"மேக்கேருந்து கிழக்க ஓடவிட்டா எங்க வீட்டுக் கோழியும்தான்வே ஓடும். காத்து தள்ளுன ஓட்டம் அது."

"அவனுக்கு விசா வந்துட்டுன்னா பாதி சீசன்ல பறந்துருவான். பெறவு அண்ணாச்சி ஓடுவாரா?"

"அண்ணாச்சி ஓடுனா லாட்ஜ யாரு பாக்குறது?"

சிரித்தேன். ஆனால் காற்று விஷயத்தில் அவர்கள் சொன்னது முழு உண்மையில்லை. செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் ஆனிக் காற்று எப்படித் தள்ளும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் ஆள் எடுக்கும் நாளில் பையன்களை ஒரு முறை காற்றோடும் ஒரு முறை காற்றுக்கு எதிரேயும் ஓடவிடுவது நம் ஊர் வழக்கம். முதல் ஓட்டம் முடிந்ததும் சாரல் பிடித்தது. மொத்தக் கூட்டமும் பஜ்ஜிக் கடைக் கூரைக்குள் போய்விட்டது. இரண்டாவது ஓட்டத்தைப் பார்த்தது அண்ணாச்சியும் நானும்தான். பனியன் மாதிரிகளை அவரிடம் காட்ட, நான் வேலை பார்க்கும் கடையிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். ரியாஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சாரலுக்குள் வந்தான். மற்றவர்கள் அவனுக்கு வெகு பின்னால் வந்தார்கள்.

இதை அண்ணாச்சி ஏன் யாரிடமும் சொல்லவில்லை? கேட்டவர்களிடம் எல்லாம், "நான் பாத்தேன், எடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். எனக்கே அவர்மேல் சந்தேகம் வந்தது. அந்தப் பையனின் வாப்பா துபாயிலிருந்து ஏதாவது அனுப்பினாரோ? உங்கள் மகள்தானே அப்பா. நீங்கள் பிரசாதத்தையே மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவீர்கள்.

முதல் ஆட்டத்தில் தோற்றோம். ரியாஸுக்கு வந்த பந்தில் பாதி அவனிடம் சேரவில்லை. நம் ஆட்கள் அவனுக்கு உயரத் தூக்கி அடித்தார்கள். எதிர்க்காற்றில் பந்து வானத்திலேயே நின்றது. அவன் அதற்கு முன்னே போய் நின்று, திரும்பி, தேடினான். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறியதும் அதே பந்து அவன் தலைக்கு மேலே பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

"ஏலே, நட தொறக்க முன்னாலயே கோயில்ல போயி நிக்கியே, சாமி வராண்டாமா?" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். ரியாஸ் சிரிக்கவில்லை.

முதல் ஆட்டம் முடிந்த பிறகு ஒரே ஒருவனைத் திருப்பி அனுப்பி, வெளியே நிற்கும் ஒருவனை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி உங்களுக்குத் தெரியும். மற்ற அணிகளில் இடமில்லை. நாம் அனுப்பிவிட்டால் ரியாஸுக்கு இந்த வருஷம் ஆட்டமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் ஹாலில் கூடி முடிவெடுப்பதாகக் குரூப்பில் போட்டார்கள். போட்டவர் முருகையா மாமா.

மறுநாள் அவர் கடைக்கு வந்தார். பனியனில் பெயர் அடிக்கும் அந்தக் கடையில்தான் நான் இன்னும் இருக்கிறேன். பி.காம். படித்த பிள்ளை பனியன் மடிக்கிறாள் என்று அம்மா அவ்வப்போது பெருமூச்சு விடுகிறாள். மாமா நம் அணியின் பச்சைப் பனியனை மேசைமேல் போட்டார்.

"ஏட்டி மகேஸ், இதுல பேரு அடிச்சு வையி. நம்பர் பதினொண்ணு."

"பதினொண்ணு ரியாஸுக்குல்லா மாமா?"

"செந்திலுன்னு அடி."

"ஞாயித்துக்கெழமதான முடிவு?"

"கேள்வி கேக்கப் படிச்சிருக்க, நல்லா இருக்கு. ஒங்கப்பன் இருந்தா இன்னேரம் அவனே பெயிண்ட வச்சு எழுதிருப்பான்."

நீங்கள் எழுதியிருப்பீர்களா? அதை நான் வெகுநேரம் யோசித்தேன். உங்களைத் தூக்கிச் சென்ற நால்வரில் அவரும் ஒருவர். காரியம் முடியும்வரை நம் வீட்டு வாசலிலேயே கிடந்தார். அந்த மனிதரைச் சந்தேகப்படுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கூட்டம் கூடும் முன்பே பனியன் கடைக்கு வந்துவிட்டதே. "மெஷின்ல மை தீந்துட்டு மாமா" என்று சொல்லிவிட்டேன். அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பனியனை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் உங்கள் போனை எடுத்தேன். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது என்று உங்களுக்குத் தெரியும். எழுதினால் வரும். "ரியாஸ் எதிர்க்காத்துலயும் முன்னால வந்தான். சாரலுக்கு ஒதுங்கிட்டதால யாரும் பாக்கல. அவனுக்குப் பந்தத் தரையோட குடுத்துப் பாருங்க." அனுப்பிய பிறகுதான் கவனித்தேன், அது உங்கள் பெயரில், உங்கள் முறைப்போடு போயிருந்தது.

பிறகு பழக்கடைக்காரர், "அண்ணே?" என்று மட்டும் போட்டார். இன்னொருவர், "நான் ஒண்ணும் தப்பாப் பேசலண்ணே" என்றார். முருகையா மாமாதான், "எவம்லே செத்தவன் போன்ல வெளையாடுதது?" என்று கேட்டார்.

"மகேஸ்வரி. அவங்க மக" என்று அனுப்பிவிட்டு, போனை அரிசி டிரம்மின் மேல் கவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமைப் பயிற்சியில் கேப்டன் தரையோடு கொடுத்துப் பார்த்தாராம். ரியாஸ் சிலதைப் பிடித்தான், சிலதைக் கோட்டை விட்டான். ஆனால் பிடித்ததையெல்லாம் கோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டான் என்று குரூப்பில் எழுதினார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானமே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. எங்கள் கடைக்கு அடுத்தது போட்டோ ஸ்டுடியோ. எட்டிப் பார்த்தால், ஸ்டுடியோக்காரரின் கோட்டை மாட்டிக்கொண்டு, வெள்ளைத் திரைக்கு முன்னால் காது தெரிய ரியாஸ் உட்கார்ந்திருக்கிறான். அப்படியென்றால் விசா சங்கதி நிஜம்தானா? குரூப்பில் சொன்னவர்கள் சரி, நான்தான் ஏமாந்தவளா? அவன் என்னையும் ஓடியே ஏமாற்றிவிட்டானா?

நீங்களாக இருந்தால் அங்கிருந்தே குரூப்பில் போட்டிருப்பீர்கள். என் விரலும் போன்மேல்தான் இருந்தது. என்ன தோன்றியதோ, அவன் வெளியே வந்ததும் போய் நின்றேன். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்த பையன் கூச்சத்தில் தலையைச் சொறிந்தான். என்னைவிடக் கூச்சக்காரன்.

"எதுக்கு போட்டோ?"

"பாஸ்போர்ட்டுக்குக்கா."

"விசா வந்துட்டா?"

"இன்னும் இல்ல. வாப்பா சொல்லிவச்சிருக்காவ."

"வந்தா?"

"வந்தா போவேன்க்கா." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "அண்ணாச்சிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். வெளிய சொல்லாண்டாம், பொண்ணு கேக்க வந்த மாரி எல்லாரும் கேள்வி கேப்பாவன்னு அவுகதான் சொன்னாவ."

அண்ணாச்சி வாய் திறக்காததற்குக் காரணம் இதுதான்; ஓட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் விசாவும் வெளியே வந்துவிடும். நாம் எல்லோரும் அதை வேறென்னவோவாக வளர்த்துவிட்டோம். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குப் போனேன் அப்பா. பெண்ணென்று இருந்தது நான் மட்டும். கதவோரம் நின்றேன். முருகையா மாமா ஆரம்பித்தார்.

"போன்ல பேசினவ வந்திருக்கா. விசா உண்டா இல்லையான்னு அவளே சொல்லட்டும்."

"விசா வரல. வந்தா போவான். கேட்டேன், சொன்னான். எதிர்க்காத்துல அவன் ஓடுனத நான் பாத்தேன். ரெண்டும் நெசம்" என்றேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

"பாதில போறவன எதுக்கு வச்சுக்கிடணும்?" என்றார் மாமா.

"போறவரைக்கும் ஓடட்டும்வே" என்றார் அண்ணாச்சி. "ஒமக்குப் பிடிக்கலன்னா கையத் தூக்கும்." கை தூக்கியவர்கள் குறைவு. மாமாவும் அரைக் கைதான் தூக்கினார். தூக்கிய கையால் மீசையைத் தடவிக்கொண்டார். ரியாஸ் அணியில் இருக்கிறான்.

பனியன் சங்கதியை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாமாவுக்கு அந்த ஹாலில் முகம் இருந்திருக்காது. மறைத்தது சரியா? அவர் உங்கள் கூட்டாளி என்பதற்காக மறைத்தேனா, அல்லது பயந்தேனா? எனக்கே தெரியவில்லை.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். சந்தேகப்படுவதை நான் விடமாட்டேன், அது உங்கள் ரத்தம். ஆனால் இனி யார்மேல் சந்தேகமோ, முதலில் அவர்களிடமே போய்க் கேட்பேன். உங்கள் எண்ணிலிருந்து அல்ல, நேரில் நின்று. நாளைக்குப் பனியனை வாங்க முருகையா மாமா வருவார். பெயரில்லாத அந்த முதுகை மேசைமேல் விரித்து வைத்து, "எதுக்கு மாமா அவ்வளவு அவசரம்?" என்று கேட்பேன். அவர் என்ன சொன்னாலும் முழுசாகக் கேட்பேன்.

யாரையும் எளிதில் நம்பாத, ஆனால் கேட்கப் பழகிக்கொண்டிருக்கும்
உங்கள் மூத்த மகள்,
மகேஸ்வரி