தோணிக்குப் போன நேர்த்திக் காசு

ஆவணி 12, செவ்வாய்.

பேத்தியின் காய்ச்சல் தீர மஞ்சள் தடவி முடிந்துவைத்த ஐந்து சதத்தை முருகனுக்குச் செலுத்த இன்று தோணியில் மண்டூருக்குப் போனேன். சால்வையின் ஒரு தலைப்பில் நேர்த்திக் காசு, மறு தலைப்பில் தோணிக் காசு. கோயில் வாசலில் அவிழ்த்தால் மஞ்சள் படாத காசு இருந்தது. சாமியின் காசைத் தோணிக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்! காய்ச்சல் திரும்பிவிடுமோ என்று பயந்து தோணித் துறைக்கு ஓடினேன்.

அண்ணன் முறையில் நாங்கள் காக்கா என்று கூப்பிடும் தோணிக்காரர் காசீம் அதைத் தொப்பிக்குள்ளிருந்து எடுத்தார்.

"மஞ்சள் மணக்குது அண்ணன். இதில நான் மீன் வாங்கித் திண்டா உங்கட முருகன் தோணியக் கவுத்திருவாரு."

"நீங்க நல்லா இரிக்கணும் காக்கா!"

"அது கிடக்கட்டும், என்ட காசு எங்க?"

மாற்றிக்கொண்டோம். இரண்டும் ஐந்து சதம்தான், இரண்டையும் காசு என்றுதான் சொல்கிறோம். ஆனாலும் ஒன்றுக்கு மற்றது ஈடில்லை. உண்டியலில் போட்ட பிறகே எனக்கு மூச்சு வந்தது.

பேத்தி தூங்குகிறாள். நெற்றி குளிர்ந்திருக்கிறது. இந்த வயதில்தான் எழுதப் பழகினேன்; 'காசு' என்று இத்தனை தரம் எழுதியதில் கை நோகிறது. இனி நேர்த்திக் காசைத் தாளில் சுற்றி, மேலே அதன் பெயரை எழுதிவைப்பேன். எனக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே.