உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்

அன்புள்ள பெரியவளின் அப்பாவுக்கு,

இங்கே நானும் பிள்ளைகளும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே சிமெண்டு மூட்டை தூக்குகிறீர்கள் என்று உங்கள் கூட்டாளி உளறிவிட்டார். என்னிடம் மேற்பார்வை வேலை என்றுதானே சொன்னீர்கள். போனில் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வேலை பார்த்த பாட்டில் கம்பெனி இனித் திறக்காது. இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றுவதை நானே பார்த்தேன். வேலை போனவர்களில் பாதிப் பேர் இப்போது சமுதாயக் கல்லூரி வாசலில்தான் நிற்கிறார்கள். அங்கே ஏ.சி. மெக்கானிக் பயிற்சிக்கு நீங்கள் மனுப் போட்டிருந்தீர்களே, நீங்கள் பஸ் ஏறிய மறுவாரமே இடம் கிடைத்துவிட்டது.

இனி எழுதப்போவதைப் படித்துக் கோபப்படாதீர்கள். நான்கு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம். நீங்கள் வரும்வரை இடம் போகாமல் இருக்கட்டும் என்று நானே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வருகைத் தாளில் உங்கள் கையெழுத்தைப் போட்டேன். பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டில் உங்களுக்காக நான்தானே போடுகிறேன், கை தானாக வந்தது. பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் ஆபீஸ் கிளார்க் மனுவும் கையுமாக வந்து, "போட்டோல மீசை இருக்கு, உங்களுக்கு இல்லையேம்மா" என்றார். வகுப்பே சிரித்தது. உங்கள் பெயருக்குக் கேடு வருமோ என்று அன்று சோறு இறங்கவில்லை.

பயிற்சி ஆசிரியர்தான் காப்பாற்றினார். "கேஸ் லீக் எங்கேன்னு இந்தம்மாதான் மொதல்ல கண்டுபிடிச்சாங்க" என்று மேலதிகாரியிடம் சொன்னாராம். உண்மைதான். உங்களுக்காகக் குறிப்பு எடுக்கத்தான் போனேன். இப்போது கம்ப்ரஸர் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்கிறேன். நம் ஃபிரிட்ஜையும் கழற்றிப் பார்த்தேன், ஓடுகிறது, பயப்படாதீர்கள். காலையில் அவசரமாகச் சமைத்துவிட்டு ஓடும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் அங்கே கஷ்டப்படும்போது நான் இவ்வளவு சந்தோஷப்படலாமா?

இத்துடன் கல்லூரியில் கொடுத்த ஒரு படிவம் இருக்கிறது, அது திரும்பிப் போகும்வரை என்னை வகுப்பில் உட்கார விட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று, நீங்களே வந்து சேர்வதாக. மற்றது, இடத்தை மனைவிக்கு விட்டுக்கொடுப்பதாக. விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு மறுபடி கிடைக்காது, பின்னால் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். இருபதாம் தேதிக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் இருவருக்குமே இல்லை. இதில் உங்கள் கையெழுத்தை நான் போட முடியாது என்பதில்லை, போட மாட்டேன்.

வந்து சேருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் முதல் கட்டத்தில் போட்டால் மறுநாளே நோட்டை உங்களிடம் கொடுத்துவிடுவேன், முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் பதினேழு வருஷத்தில் எனக்கென்று உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இரண்டாவது கட்டத்தில் போடுங்கள். பயிற்சிக்காலத்துக்கு உதவித்தொகை உண்டு, அரைவயிறாவது நிரம்பும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டதும் அதைத் தபாலில் அனுப்ப வேண்டாம். நீங்களே கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் மனைவி